காட்டுக்கும் உண்டு ஸ்பேர் பார்ட்!



'மரம் நடுவோம்' என்று சுவரில் எழுதிவிட்டால் போதுமா? நட்ட மரம் தானாகவே தன் சந்ததியைப் பெருக்கினால்தானே அது காடு! ரூபாய் நோட்டில் தமிழையும் அச்சிடும் தீவு நாடான மொரீசியஸ் இதில் கற்ற பாடத்தை, நான் படித்தறிந்தவரை இங்கே தருகிறேன்.

1638-இல் டச்சுக்காரர்கள் அங்கே குடியேறி, கருங்காலியை வெட்டிக் கப்பலேற்றினார்கள். பின்னால் கரும்புத் தோட்டங்கள் பரவின. இன்று நல்ல நிலையில் மிஞ்சியுள்ள பழைய காடு, நாட்டுப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. டோடோ பறவை போச்சு. ராட்சத ஆமைகளும் போச்சு.

தென்கிழக்குக் கரையை ஒட்டி 'இல் ஓ எக்ரெத்' என்றொரு குட்டித் தீவு. பரப்பு 26 ஹெக்டேர். 1965-லேயே காப்பிடமாக அறிவிக்கப்பட்டும், 1980-களின் தொடக்கம் வரை கருங்காலி வெட்டுவது நிற்கவில்லை. நின்ற பிறகும் வெட்டிய இடங்களில் கன்று முளைக்கவில்லை. ஏன்? பழமெல்லாம் தாய்மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. அதைத் தின்று விதையைச் சுமந்து போன ஆமை இனமோ பூண்டோடு அழிந்துவிட்டது!

நம்ம ஒர்க் ஷாப் பாஷையில் சொன்னால், மெஷின் நின்றுவிட்டது. ஒரிஜினல் பார்ட் இனி எங்கேயும் கிடைக்காது. அப்போது என்ன செய்வோம்? அதே வேலையைச் செய்யும் வேறு பார்ட்டைத் தேடிப் பொருத்துவோம். அங்கேயும் அதுதான் நடந்தது.

1. முதலில் சர்வீஸ்: எலிகளை ஒழித்தார்கள், அந்நியக் களைகளை அகற்றினார்கள். நம் ஊரில் ஆட்டுத் தழைக்கு வளர்க்கிறோமே சூபாபுல், அதுவும் அங்கே களைதான்!

2. அடுத்து, அந்த மண்ணுக்குரிய கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள்.

3. கடைசியாக ஸ்பேர் பார்ட்: 2000-இல் அல்டாப்ரா ராட்சத ஆமைகளைக் கொண்டுவந்தார்கள். இவற்றின் தாயகம் செஷல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ரா தீவு. சரிப்படாவிட்டால் கழற்றிவிடவும் வழி உண்டு. மெதுவாக நடக்கும் பிராணிதானே, எளிதாகப் பிடித்துவிடலாம்!

பலன்? ஆமைகள் பழத்தைத் தின்று, வெட்டிய இடங்களிலும் விதையைப் போட்டன, கன்றுகள் கிளம்பின. ஆமையின் குடல் வழியே வந்த விதை இன்னும் நன்றாக முளைப்பதாக 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நாம் வருடாவருடம் அதே குழியில் கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை மண்வெட்டியைத் தொடுமுன் ஒன்றைக் கேட்போமே: இந்த மரத்தின் விதையைச் சுமக்கப்போவது யார்? காக்கையா, வௌவாலா, அணிலா? அதற்கும் நம் வளாகத்தில் இடம் விடுவோம்!