முதல் நாற்காலி போடும் பல் மருத்துவர்களுக்கு

பி.டி.எஸ். முடித்துத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்க்கக் கல்லூரியில் நிறையவே படித்துவிட்டீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கேளுங்கள்.

1. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் (0, 1, 6 மாதம்) முடியுங்கள். அதோடு விடாதீர்கள். ஓரிரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலருக்கு மூன்று ஊசிக்கும் வருவதில்லை.

2. மரப்பூசி போட்டதும் இரண்டு கையாலும் மூடாதீர்கள். மூடியைத் தட்டில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து நிமிர்த்துங்கள். குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்கவே வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குள்ளாவது தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். வெளியே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்பது ஒரு காரணமே அல்ல.

3. நம்மில் பலரைச் சீக்கிரம் ஓய வைப்பது கழுத்தும் இடுப்பும்தான். நோயாளிக்குச் சிரமம் தரக்கூடாதென்று நாமே வளைந்துகொள்கிறோம். மேல் கடைவாய்ப் பல்லில் வேர்ச்சிகிச்சை என்றால் நாற்காலியை முழுக்கச் சாய்த்துவிடுங்கள். “தாடையைத் தூக்குங்கம்மா, இந்தப் பக்கம் திரும்புங்க” என்று தயங்காமல் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நோயாளியின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கழுத்து 20 பாகைக்கு மேல் குனியக்கூடாது. லூப் வாங்கினால் உங்கள் கழுத்துக்கு அளவெடுத்து வாங்குங்கள். தவறான கோணத்தில் அமைந்தது இன்னும் குனியத்தான் வைக்கும். விரல் மரத்துப்போனால் தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. குழந்தை அழுகிறதே என்று எக்ஸ்ரே ஃபிலிமை நீங்கள் பிடிக்காதீர்கள். நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்றொரு பல் மருத்துவர் இருந்தார். பல் எக்ஸ்ரேயின் முன்னோடி. ஆபத்துத் தெரியாத அந்தக் காலத்தில் தன் கையையே கதிருக்குக் கொடுத்தார். புற்றுநோய் வந்து விரல்கள் போயின, பிறகு கையும் போயிற்று. 1928இல் இறந்தார். நமக்கு எல்லாம் தெரிந்திருந்தும் கை நீட்டலாமா? கதிரின் பாதையை விட்டு ஆறடி தள்ளியோ, தடுப்புக்குப் பின்னாலோ நில்லுங்கள். பிடிக்க வேண்டியிருந்தால் ஈய அங்கி போட்டுப் பெற்றோர் பிடிக்கட்டும்.

5. பழைய அமால்கத்தைத் தோண்டும்போது தண்ணீரும் சக்ஷனும் ஓடவேண்டும். பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது. துண்டுகளை இறுக மூடிய டப்பாவில் சேருங்கள், சிங்க்கில் கொட்டாதீர்கள்.

6. ஸ்கேலிங்குக்கு என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். நீல ஒளி விளக்கை ஆரஞ்சுத் தடுப்பு இல்லாமல் பார்க்காதீர்கள். கம்ப்ரசரை அறைக்கு வெளியே வையுங்கள். ஏரோட்டரின் பேரிங் தேய்ந்து கீச்சிடத் தொடங்கினால் அன்றே மாற்றுங்கள். அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்பது உங்கள் காது, நோயாளியின் காதல்ல.