கடல் கடந்து செல்பவருக்கு இரண்டாவது போன்

கேள்வி: சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குச் செல்லும் என் மகனுக்கு, பர்மா பஜாரில் மலிவான பட்டன் போன் ஒன்றை இரண்டாவதாக வாங்கித் தரலாமா? (ஒரு தாய், திருவொற்றியூர்)

பதில்: தாராளமாக வாங்கித் தரலாம், அம்மா, ஆனால் விலையை விசாரிக்கும் முன் அது 2ஜியா, 4ஜியா என்று விசாரிப்பது அத்தியாவசியம். ராயபுரத்திலும் எண்ணூரிலும் தடையின்றிப் பேசுகிற 2ஜி போன், 2017 ஏப்ரலிலேயே அந்தச் சேவையை நிறுத்திவிட்ட சிங்கப்பூரில், மணி பார்க்கவும் டார்ச் அடிக்கவும் மாத்திரமே பிரயோஜனப்படும். 3ஜியும் அங்கே 2024இல் விடைபெற்றது. ஆகையால், 4ஜி வழியாகவே குரலையும் அனுப்பும் வோல்டே வசதி கொண்டதும், எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்பதுமான போனையே கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் சிம்முக்குக் கட்டுப்பட்ட மலிவுப் போன் அந்நிய தேசத்து சிம்மை ஏற்காது.

பர்மாவிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த நம்மவர்களின் ஜீவனத்துக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தருகே எழுந்த அந்தக் கடைவீதியின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் பழைய போன் என்றால், கடையிலேயே *#06# அழுத்தித் திரையில் தோன்றும் 15 இலக்க எண்ணைப் பெட்டியோடு ஒப்பிட்டு, கேஒய்எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களோடு அவ்வெண்ணை 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதன்று எனத் தெரிந்த பின்னரே பணம் கொடுங்கள். பில்லையும் அவசியம் வாங்குங்கள்.

வங்கியின் ஓடிபி வரும் நம்மூர் சிம் இந்தப் போனிலேயே இருக்கட்டும். அதற்குரிய வெளிநாட்டு ரோமிங்கை, விமானம் ஏறுமுன் இங்கேயே செயற்படுத்திவிட வேண்டும்.