சேமிக்க மறுக்கும் ஜாபிதா: காரணங்களும் பரிகாரங்களும்

கிராமத்தில் நடைபெறும் எந்த நற்பணிக்கும் பிழையற்ற ஜாபிதாவே அடிப்படையாகும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், பயிர்ச் சேத நிவாரணம் ஆகியவற்றுள் எதை எடுத்துக்கொண்டாலும், பெயரும் எண்ணும் சரியாக இருந்தால்தான் உரியவருக்கு உரியது சென்று சேரும். முன்னாளில் இவை தடித்த பதிவேடுகளில் மட்டுமே இருந்தன. இன்று கூகுள் ஷீட்ஸ், எக்செல் போன்ற கருவிகளில் எழுதப்பட்டுக் கிளவுட் எனப்படும் தொலைச் சேமிப்பிலும் வைக்கப்படுகின்றன. கிளவுட் என்பது ஆகாயத்தில் இருப்பதன்று. இணையத்தின் வழியே நாம் எட்டக்கூடிய, வேறோர் ஊரிலுள்ள கணினிக் கிடங்கே அது.

பதிவேட்டில் மையால் எழுதியது எழுதியபடியே நிற்கும். தொலைச் சேமிப்பிலோ, திரையில் தெரிவது வேறாகவும் கிடங்கில் சேர்ந்தது வேறாகவும் இருக்கக் கூடும். சேமிக்க இயலவில்லை என்ற செய்தி தோன்றியதும் பதற்றமுற்றுப் பக்கத்தை மூடித் திறப்பவர் பலர். அதனால் அதுவரை செய்த வேலையும் வீணாகலாம். வயலுக்கு நீர் வராவிட்டால் மதகையும் வாய்க்காலையும் மடையையும் வரிசையாகப் பார்க்கிறோம் அல்லவா? அவ்வாறே இங்கும் நான்கு இடங்களை முறையாகச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, இணைப்பு

இணையம் தடைப்பட்டால் புதிதாக எழுதியவை கிடங்கிற்குச் செல்லாமல் திரையிலேயே தங்கிவிடும். அப்பொழுது பக்கத்தை மூடலாகாது. எழுதிய பகுதி முழுவதையும் நகல் எடுத்துக் கணினியிலுள்ள வேறொரு கோப்பில் ஒட்டி வைத்துக்கொண்டு, பிறகு இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். சேமிக்கப்பட்டது என்ற குறிப்பு தோன்றிய பின்னரே இடத்தை விட்டு எழலாம்.

இரண்டாவது, உரிமை

பகிரப்பட்ட ஜாபிதாவைப் பார்ப்பதற்கு மட்டும் உரிமை பெற்றவர் திருத்த இயலாது. ஒரே கணினியில் பலர் தத்தம் கணக்கில் நுழையும் அலுவலகங்களில், ஒருவருடைய கோப்பு மற்றொருவர் கணக்கில் திறந்திருப்பதும் உண்டு. நெடுநேரம் வாளாவிருந்தால் நுழைவுக் காலம் முடிந்துவிடுவதும் உண்டு. ஆகவே, எவர் பெயரில் நுழைந்திருக்கிறோம், அவருக்குத் திருத்தும் உரிமை உண்டா என்ற இரண்டையும் பார்த்தல் அவசியம்.

மூன்றாவது, கொள்ளளவு

களஞ்சியத்திற்கு அளவு உண்டு என்பதுபோல் ஜாபிதாவுக்கும் அளவு உண்டு. எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிசைகளும் 16,384 பத்திகளும் அடங்கும். கூகுள் ஷீட்ஸில் ஒரு கோப்புக்கு உரிய கட்டங்களின் வரம்பு 2022-ஆம் ஆண்டில் 50 இலட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்த்தப்பட்டது. இதில் வெற்றுக் கட்டங்களும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் அறியார். பயன்படாத வரிசைகளையும் பத்திகளையும் நீக்கினால் இடம் கிடைக்கும். மேலும், கோப்பின் உரிமையாளருடைய கூகுள் சேமிப்பிடம் கடிதங்களாலும் படங்களாலும் நிரம்பிவிட்டால், பிறரும் அக்கோப்பைத் திருத்த முடியாத நிலை ஏற்படலாம். அப்போது முதலில் அவருடைய கணக்கிலுள்ள வேண்டாதவற்றை அகற்ற வேண்டும்.

நான்காவது, பெயரும் வடிவமும்

கோப்பிற்கு ‘வீட்டு வரி 2024/25’ என்று பெயரிட்டால் விண்டோஸும் ஒன்டிரைவும் ஏற்கமாட்டா. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, உடுக்குறி ஆகியவை அங்கே பெயரில் வரலாகாது. சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறு கோடு இட்டால் போதும்.

பல ஜாபிதாக்களை ஒன்றுசேர்த்துத் துப்புரவு செய்யும் பவர் குவரி போன்ற கருவிகளில் இன்னொரு தொல்லை உண்டு. ‘குடும்பத் தலைவர்’ என்ற பத்தித் தலைப்பை யாரேனும் இடைவெளியின்றிக் ‘குடும்பத்தலைவர்’ என்று மாற்றிவிட்டால், அப்பத்தியைக் காணோம் என்று கருவி நின்றுவிடும். மனிதர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறாம். தலைப்புகளை ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றாதிருப்பதே இதற்குப் பரிகாரம். பரப்பு எழுதும் பத்தியில் எண்ணுக்குப் பதிலாக ‘இல்லை’ என்று எழுதினாலும், எண்ணையே எதிர்பார்க்கும் அக்கருவி பிழை காட்டும்.

சொல்லாமல் நேரும் பிழை

மேற்கூறியவற்றில் தடை நேர்ந்தவுடன் பெரும்பாலும் கருவியே நமக்கு அறிவித்துவிடுகிறது. அறிவிக்காமல் நேரும் பிழையே பெருங்கேடு விளைவிப்பது.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, இங்கிலாந்தின் பொது சுகாதார நிறுவனம் ஆய்வுக்கூட முடிவுகளை எக்செல்லின் பழைய கோப்பு வடிவத்தில் சேர்த்து வந்தது. அவ்வடிவத்தின் வரம்பு 65,536 வரிசைகளே. அதற்கு மேற்பட்டவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. நோயுற்றவர்களுக்கு அவர்களுடைய முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி பல நாட்கள் தாமதமாயிற்று. கோப்பு சேமிக்கப்பட்டது என்பதால் கணக்கு முழுமையாயிற்று என்று ஆகிவிடாது என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடமாகும்.

நமது ஜாபிதாக்களிலும் இத்தகைய அபாயம் உண்டு. சர்வே எண் 12/3 என்று எழுதினால், எக்செல் அதனைத் தேதியென்று கருதி மாற்றிவிடும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எழுதினால், 15 இலக்கங்களுக்கு மேல் காக்கும் வழியின்றிக் கடைசி இலக்கத்தைச் சுழியாக்கிவிடும். முதலில் வரும் சுழி மறைந்துவிடும். 12 இலக்க ஆதார் எண் சுருக்க வடிவில் தோன்றும்; அந்நிலையிலேயே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் பின்னிலக்கங்கள் அழிந்தே போகும். ஓர் இலக்கம் மாறினாலும் ஏழை விவசாயியின் நிவாரணத் தொகை அவர் கைக்கு வந்து சேராது. எனவே எழுதத் தொடங்குமுன்னரே அப்பத்திகளை ‘எழுத்து’ வகையாகக் குறித்துவிட வேண்டும். எழுதியபின் குறித்தால் போனது திரும்பாது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள ஜாபிதாவைச் சிஎஸ்வி வடிவில் சேமிக்கையில், யுடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடக் கூடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. சேமிக்குமுன் வரிசைகளின் எண்ணிக்கையையும் தொகையின் கூட்டலையும் ஒரு தாளில் குறித்துக்கொள்க.

2. சேமித்தபின் கோப்பை மூடி, மறுபடியும் திறந்து, அவ்விரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க.

3. முதல் பெயர், கடைசிப் பெயர், நடுவில் ஐந்து பெயர்கள் ஆகியவற்றை மூலப் பதிவேட்டோடு ஒப்பிடுக.

4. பெரிய திருத்தம் செய்யுமுன் தேதியிட்ட நகல் ஒன்றைத் தனியே வைக்க. தவறு நேர்ந்துவிட்டால், கூகுள் ஷீட்ஸிலும் ஒன்டிரைவிலும் உள்ள பதிப்பு வரலாற்றின் மூலம் முந்தைய நிலையைப் பெற முயலலாம்.

5. பிழைச் செய்தி தோன்றினால் அதன் வாசகத்தையும் நேரத்தையும் எழுதி வைக்க. உதவிக்கு வருபவருக்கு அதுவே முதல் தடயம்.

இவற்றைச் செய்யக் கணினிப் புலமை வேண்டுவதில்லை. எண்ணிப் பார்க்கும் பொறுமையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் இருந்தால் போதும். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செயலரிடம், “ஜாபிதா சேமிக்கப்பட்டதா?” என்று கேட்பதோடு நின்றுவிடாமல், “எத்தனை பெயர்கள் எழுதினீர்கள்? திறந்து பார்க்கையில் எத்தனை பெயர்கள் இருந்தன?” என்றும் கேட்டல் வேண்டும். விவசாயிகளும் தத்தம் சர்வே எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் நேரில் வாசித்துச் சரிபார்த்துக்கொள்வது நலம். இரு எண்ணிக்கைகளும் ஒத்திருந்து, எண்களும் மூலத்தோடு பொருந்திய பின்னரே ஜாபிதாவை மேலிடத்திற்கு அனுப்புதல் தகும்.