இரண்டு வயதுக் குதிரையின் எலும்பு



பந்தயக் குதிரையின் கால் முறிவதற்கு அதன் இளவயதே காரணம் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. எலும்பு முதிராத இரண்டு வயதுக் குட்டியை விரட்டி ஓட்டுகிறார்கள், வளர்ச்சித் தட்டுகள் மூடாத கால் முறிகிறது, நான்கு வயதுவரை லாயத்தில் விட்டுவைத்தால் இந்த அவலம் நேராது என்று வாதம் போகும். இரக்கத்தில் பிறந்த கருத்துதான். ஆனால் அதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதிக்கும் சொல்லப்படும் காரணம் தவறு. தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டு எந்தக் குதிரையையும் காப்பாற்ற முடியாது.

வளர்ச்சித் தட்டுகள் எல்லாம் ஒரே காலத்தில் மூடுவதில்லை. தரைக்கு அருகில் இருப்பவை முதலில் மூடும். மேலே போகப் போகத் தாமதமாகும். முழங்காலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பைக் குதிரைக்காரர்கள் ‘கேனன்’ எலும்பு என்பார்கள். அதன் கீழ்முனைத் தட்டு குட்டிக்கு ஒரு வயது ஆவதற்குள் மூடிவிடும். முழங்காலுக்குச் சற்று மேலே உள்ள தட்டு மூட இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். முதுகெலும்புக் கணுக்களுக்கு ஐந்து வயதுகூட ஆகலாம். பந்தயத்தில் உயிரைப் பறிக்கும் முறிவுகளில் பெரும்பாலானவை நேர்வது கேனன் எலும்பின் கீழே, ‘ஃபெட்லாக்’ எனப்படும் மூட்டில்: கேனனின் கீழ்முனையிலும் மூட்டின் பின்புறம் உள்ள இரண்டு செசமாய்டு எலும்புகளிலும். அங்கே மூடாத தட்டு எதுவும் மிச்சமில்லை. முழங்கால் எக்ஸ்ரே படத்தைக் காட்டி ஃபெட்லாக் முறிவை விளக்குவது வீட்டின் மாடியைக் காட்டி அடித்தளத்தின் விரிசலை விளக்குவதற்குச் சமம்.

அந்த மூட்டின் மேல் விழும் பாரம் எளிதில் நம்பக்கூடியதல்ல. நாலுகால் பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் தனித்தனியே தரை தொடுகின்றன. ஒரு முன்னங்கால் மட்டும் ஊன்றியிருக்கும் நொடித்துளியில் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை அதன்மேல் இறங்குகிறது. பந்தயக் குதிரை 450 முதல் 500 கிலோ எடை இருக்கும். அப்படியானால் ஒரு காலின்மேல் ஒரு டன்னுக்கும் அதிகம். நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் இது நடக்கிறது. முழங்காலுக்குக் கீழே பாரத்தைத் தாங்கும் தசை கிடையாது. நாண்களும் பந்தகங்களும் மட்டுமே. அவை இழுபட, மூட்டின் பின்புறம் தரையை நோக்கித் தாழ்கிறது, பிறகு மீண்டெழுகிறது.

கலிலியோ 1638இல் லெய்டனில் அச்சான தம் இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூலில் இதைத் தொட்டிருக்கிறார். நாய் விழுந்தால் ஒன்றும் ஆகாத உயரத்திலிருந்து குதிரை விழுந்தால் எலும்பு முறியும் என்று சுட்டிக்காட்டி, உடல் பெருக்கும்போது எடை கன அளவில் கூடுகிறது, எலும்பின் குறுக்குப்பரப்போ சதுர அளவில்தான் கூடுகிறது என்ற கணக்கை முன்வைத்தார். எலும்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் அந்தப் பக்கங்களைத் தேடி வாசிக்க வேண்டும். பிற்காலப் பாடநூல்கள் அதைச் சூத்திரமாகச் சுருக்கிவிட்டன. அவர் வரைந்த அந்தத் தடித்த எலும்பின் படம் சூத்திரத்தைவிட அதிகம் சொல்லும்.

எலும்பு உயிருள்ள திசு. பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். இதை ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியுஸ் வுல்ஃப் 1892இல் விதியாக எழுதினார். பந்தயக் குதிரையைப் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஓர் இடத்திலிருந்தே விடை தேட வேண்டும். லாயத்தில் நின்றுகொண்டே இருக்கும் குதிரையின் கேனன் எலும்பு நான்கு வயதிலும் பந்தயத்துக்குத் தயாராகாது. நிற்பதற்கான எலும்பாகத்தான் அது முதிர்ந்திருக்கும். ஓடுவதற்கான எலும்பை ஓட்டமே உண்டாக்குகிறது. அது வேகமாக உருவாகும் வயது இளவயதுதான்.

இந்த இயல்பை மிகத் தெளிவாகக் காட்டியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர் டேவிட் நூனமேக்கர். அமெரிக்காவில் பயிற்சிக்கு வரும் இரண்டு வயதுக் குதிரைகளில் சுமார் 70 சதவீதத்துக்கு முன்னங்கால் கேனனின் முன்பக்கம் வீங்கி வலிக்கும். பழைய பயிற்சியாளர்கள் அதைத் தவிர்க்க முடியாத பருவக்கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சிய ஊசியால் காலில் சூடு போடுவதும் வழக்கமாக இருந்தது. ஏற்கெனவே வலியில் இருக்கும் காலில் சூடு போடுவதை மருத்துவம் என்று அழைத்த அந்தக் காலம் கண்டனத்துக்குரியது. நூனமேக்கர் கேட்டது வேறு கேள்வி: பயிற்சியில் எலும்பு எதற்குப் பழகுகிறது? மெதுவாக ஓடும்போது எலும்பின் முன்பக்கத்தில் உண்டாகும் திரிபு வேறு, பந்தய வேகத்தில் உண்டாகும் திரிபு வேறு, திசையிலேயே வேறுபடுகின்றன. மைல் கணக்கில் மெதுவாக ஓட்டிவிட்டு ஒருநாள் திடீரென முழு வேகத்தில் விரட்டினால், எலும்பு பழகாத ஒன்றைச் சந்திக்கிறது. அதனால் நீண்ட மெதுவோட்டத்தைக் குறைத்து, வாரத்தில் சில நாட்கள் மிகக் குறுகிய தூரத்துக்கு வேக ஓட்டம் கொடுத்து, அதைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்றார். அவ்வாறு பழகிய குதிரைகளின் கேனன் வேண்டிய இடத்தில் தடித்தது, வீக்கமும் குறைந்தது.

தகவமைப்புக்கு ஓர் ஆபத்தான இடைவெளி உண்டு. மிகுதியான பாரத்தால் எலும்பில் நுண்விரிசல்கள் தோன்றும்போது, பழுதான பகுதியைக் கரைக்கும் செல்கள் முதலில் வேலையைத் தொடங்குகின்றன. கரைக்கச் சில வாரங்கள் போதும். புது எலும்பை நிரப்பச் சில மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பைவிட நலிவாக இருக்கும். வெளியே வீக்கமோ நொண்டலோ தெரியாமலும் இருக்கலாம். அந்த வாரங்களில் முழு வேகத்தில் ஓடவிடுவதுதான் முறிவுக்கு வழி. கலிஃபோர்னியாவில் 1990 முதல், பந்தய மைதானங்களில் இறக்கும் குதிரைகள் டேவிஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வகத்தின் பிரேதப் பரிசோதனைக்குப் போகின்றன. அங்கே ஆய்வாளர் சூசன் ஸ்டோவரும் சகாக்களும் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றே: முறிந்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அதே இடத்தில் பழைய சேதத்தின் தடம் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்பும் குதிரைகளுக்கு முன்னங்காலின் மேற்கை எலும்பு முறிவதும் இதோடு சேர்ந்தது. ஆகவே “கால் இடறிவிட்டது, விபத்து” என்று மறுநாள் நாளிதழ் எழுதுவது பெரும்பாலும் உண்மையாக இருப்பதில்லை. அந்த முறிவு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

முறிந்த பிறகு பிழைக்க வைப்பது ஏன் கடினம் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். தோல்வியே அறியாத ரஃபியன் என்ற மூன்று வயதுப் பெண் குதிரை 1975 ஜூலை 6 அன்று நியூயார்க் பெல்மான்ட் பார்க்கில் ஃபூலிஷ் பிளெஷர் என்ற ஆண் குதிரையோடு தனித்து மோதியது. பாதையிலேயே வலது முன்னங்காலின் செசமாய்டு எலும்புகள் நொறுங்கின. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது இன்னும் ஓடுவதாகவே எண்ணி உதைத்துக்கொண்டது, கட்டு உடைந்தது, மறுநாள் கருணைக்கொலை செய்தார்கள். 2006 கென்டக்கி டெர்பியை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்ற பார்பரோவுக்கு, இரண்டே வாரத்தில் பிரீக்னெஸ் பந்தயத்தில் பின்னங்கால் முறிந்தது. அறுவை மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் தகடும் திருகுகளும் வைத்துச் செய்த அறுவை சிகிச்சை நன்றாகவே பலன் தந்தது. ஆனால் ஒரு கால் பாரம் தாங்காதபோது மற்ற கால்களின் குளம்புகளுக்குள் உள்ள திசு அழன்று சிதைகிறது. லாமினைட்டிஸ் எனும் அந்த நோய் 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவின் உயிரை முடித்தது. குதிரையைப் படுக்கையில் கிடத்தி ஆற்ற முடியாது. நான்கு காலிலும் நின்றுதான் அது வாழ முடியும்.

இனி இரண்டு வயது. அமெரிக்க ஜாக்கி கிளப் 2009 முதல் திரட்டிவரும் கணக்கில் இரண்டு வயதுக் குதிரைகளின் இறப்பு விகிதம் மூத்தவற்றைவிடக் குறைவு. இரண்டு வயதில் பந்தயம் கண்டவை பின்னர் நீண்டகாலம் ஓடுவதாக நியூசிலாந்து ஆய்வுகளும் சொல்கின்றன. பந்தயத் தொழில் இதை மகிழ்ச்சியோடு மேற்கோள் காட்டும். அதிலும் எச்சரிக்கை தேவை. நோஞ்சான் குட்டிகள் இரண்டு வயதில் ஓடவே வருவதில்லை. வருபவை ஏற்கெனவே தேறியவை. ஆனாலும் ‘வயதே எமன்’ என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

உண்மையான குற்றம் நாட்காட்டியிடம் இருக்கிறது. வட அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. மே மாதம் பிறந்த குட்டி, 20 மாதம்கூட நிறையாமல் ‘இரண்டு வயது’ ஆகிவிடும். அமெரிக்காவில் வசந்த காலத்தில் நடக்கும் இரண்டு வயதுக் குதிரை ஏலங்களில், வாங்குபவர் கண்ணெதிரே ஏறத்தாழ 200 மீட்டரைப் பத்து நொடியில் ஓடிக் காட்ட வேண்டும். விலையை அந்த நேரம் நிர்ணயிக்கிறது. எலும்பு கேட்கும் படிப்படியான பழக்கத்துக்கு நேர் எதிரானது இது. இதை நிறுத்துவதற்கு எந்த ஆய்வும் தடையாக இல்லை. இரண்டு வயதில் ஓடலாமா என்று சண்டையிடுபவர்கள் அந்த ஏலக்களத்தை ஒரு முறையாவது கவனிக்க வேண்டும்.

தரைக்கும் பங்கு உண்டு. மண் பாதையைவிடப் புல்லிலும், புல்லைவிடச் செயற்கைப் பாதையிலும் இறப்பு குறைவு. கலிஃபோர்னியாவின் சான்டா அனிட்டாவில் 2018 இறுதியில் தொடங்கிய பருவத்தில் முப்பது குதிரைகள் இறந்த பிறகே அமெரிக்கா விழித்தது. 2020இல் பந்தயப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. 2022 ஜூலையில் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டு வலியை மறைத்து ஓடவிடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. 2009இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 ஆக இருந்த இறப்பு 2023இல் 1.32 ஆகக் குறைந்தது.

நின்ற நிலையிலேயே ஃபெட்லாக்கைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் கருவி 2019 இறுதியில் சான்டா அனிட்டாவுக்கு வந்தது. எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும் இடம் அதில் எக்ஸ்ரேக்கு முன்பே தெரிகிறது. கருவி இல்லாத லாயத்திலும் அடி வைப்பதில் சுணக்கம், பயிற்சிக்கு மறுநாள் காலையில் மூட்டில் சூடு, வழக்கத்துக்கு மாறாக ஒரு பக்கமே சாய்ந்து ஓடுவது ஆகியவற்றைக் கவனித்து அன்றே வேகப் பயிற்சியை நிறுத்துவது குதிரைக்காரரின் பொறுப்பு.