பத்திரம் பதிஞ்சாச்சு சரி, கந்தாயம் கட்டினியா?

பால் காய்ச்சியாச்சு, கேஸ் இணைப்பு மாத்தியாச்சு, மாடியில துளசிகூட வெச்சாச்சு. போன வாரம் போன்ல "கந்தாயம் கட்டினியா?"ன்னு கேட்டதுக்கு, "அது பஞ்சாங்கத்துல வர்றதாச்சே அக்கா"ன்னு சிரிச்ச. உன் மேல தப்பில்ல. வருஷத்தை நாலு நாலு மாசமா மூணாப் பிரிச்சுச் சொல்ற கந்தாய பலன்தான் நமக்குப் பழக்கம். மைசூர்ல கந்தாயம்னா வரி. வீடா இருந்தாலும் வெறும் மனையா இருந்தாலும் அதே பேர்தான். கோயம்புத்தூர்ல நீ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கட்டிட்டிருந்தது இங்க ஏப்ரல்லேர்ந்து மார்ச் வரைக்கும் வருஷக் கணக்கு.

ஏப்ரல்லயே கட்டிடு. அந்த மாசம் கட்டினா நூத்துக்கு அஞ்சு ரூபா தள்ளுபடி. மே, ஜூன்ல தள்ளுபடியும் கிடையாது, அபராதமும் கிடையாது. ஜூலை பொறந்தா மாசம் 2 சதவீதம் ஏற ஆரம்பிக்கும். வரி 6,000 ரூபான்னு வெச்சுக்கோ. ஏப்ரல்ல 5,700ல முடியும். அடுத்த மார்ச் வரைக்கும் இழுத்தா ஒன்பது மாசத்துக்கு 18 சதவீதம், 7,080 ஆயிடும். நடுவுல இருக்கற 1,380 ரூபாய்க்கு ஒரு நல்ல குக்கரே வரும். சில வருஷம் அரசாங்கம் தள்ளுபடித் தேதியை நீட்டும்தான். அதை நம்பி உட்காராதே.

எவ்வளவு கட்டணும்னு யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டாங்க. நாமளே கணக்குப் போட்டு, நாமளே எழுதிக்கொடுத்துக் கட்டற முறை இது. பதிவுத்துறை உன் தெருவுக்கு வெச்சிருக்கற வழிகாட்டி மதிப்பு, கட்டடம் எத்தனை சதுர அடி, என்ன வகைக் கட்டுமானம், எத்தனை வருஷப் பழசு, குடியிருக்கவா வியாபாரத்துக்கா, இதெல்லாம் சேர்ந்துதான் தொகை வரும். பெங்களூரு வீட்டுக்காரங்க சொல்ற கணக்கை இங்க போடாதே. அவங்களுக்கு 2008லேர்ந்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு வேற முறை. மாடியில ஒரு ரூம் எழுப்பினாலோ, கீழ் போர்ஷனைத் தையல் கடைக்கு விட்டாலோ அதையும் எழுதணும். மறைச்சு மிச்சம் பிடிக்கற காசு, நாளைக்கு சரிபார்க்க வந்தா அபராதத்தோட போயிடும்.

ரசீதுல வரிக்குக் கீழ குட்டிக் குட்டியா செஸ் இருக்கும். வரியில நூத்துக்கு 15 சுகாதாரத்துக்கு, 6 நூலகத்துக்கு, 3 பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு. இது போக இன்னும் சிலதும் சேரும். நூலகத்துக்கு வருஷா வருஷம் காசு கொடுத்துட்டு உள்ளயே நுழையாத ஜனம் நாம. அந்த உரிமையிலயாவது போய் ரெண்டு புத்தகம் எடுத்துட்டு வா.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பணம் கட்டறது சுலபம். அது எந்த நம்பர்ல, யார் பேர்ல, எந்த அளவுல பதிவாகுதுங்கறதுதான் சமாச்சாரம். நான் இதுல சூடு பட்டவ. புதுசுல சொத்து நம்பர்ல ஒரே ஒரு எண்ணை மாத்தி எழுதி, ரெண்டு வருஷம் பக்கத்து வீட்டு வரியைக் கட்டியிருக்கேன். அந்த வீட்டுக்காரர் கட்டப் போனப்போ "உங்களுக்கு பாக்கி ஒண்ணும் இல்லையே"ன்னு அனுப்பிட்டாங்க. மனுஷன் நல்லவர், நேரா நம்ம வீட்டுக்கு வந்து செக் எழுதிக் கொடுத்தார். என் கணக்குல ரெண்டு வருஷ பாக்கி, அதுக்கு மாசம் 2 சதவீதம். உங்க மாமா இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அளவு அதைவிட மோசம். மைசூர்ல மனைன்னா முப்பதுக்கு நாப்பதுதான் நிறைய. கிழக்கு மேற்கு 30 அடி, தெற்கு வடக்கு 40 அடின்னு பத்திரத்துல இருக்கும். மாநகராட்சிக் கணக்கான காத்தாவுல திருப்பிப் போட்டு, கிழக்கு மேற்கு 40னு வந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் 1,200 சதுர அடிங்கறதால யார் கண்ணுலயும் படாது. வீட்டுக் கடனுக்குப் போறப்போ பேங்க் வக்கீல் கண்ணுல மட்டும் சரியாப் படும். அதனால கிரயப் பத்திரத்தையும் காத்தாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேர், நம்பர், நீள அகலம், நாலு பக்க செக்குபந்தி எல்லாத்தையும் விரல் வெச்சுப் படி. கன்னடம் வரலைன்னா எதிர் வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லு.

காத்தாங்கறது நம்ம ஊர் பட்டா மாதிரின்னு நினைச்சுக்காதே. இந்தச் சொத்துக்கு வரி கட்ட வேண்டியது இவங்கன்னு மாநகராட்சி எழுதி வெச்சிருக்கற கணக்கு, அவ்வளவுதான். உரிமைக்குப் பத்திரம்தான் ஆதாரம்னு கோர்ட்டே எத்தனையோ தடவை சொல்லியாச்சு. ஆனா காத்தா இல்லாம இங்க ஒண்ணும் நடக்காது. பத்திரம் பதிஞ்ச கையோட உன் பேருக்கு மாத்தக் கொடு. விண்ணப்பம் கொடுத்தா சகாலா நம்பர் ஒண்ணு தருவாங்க. 2011ல வந்த சட்டம் அது, இத்தனை நாளுக்குள்ள வேலையை முடிச்சுக் கொடுக்கணும்னு. நம்பர் வாங்காம கவுன்ட்டரை விட்டு நகராதே. அப்பா அம்மா காலத்துக்கப்புறம் மாத்தறவங்களுக்கு இறப்புச் சான்றோட வம்சவிருட்சமும் கேப்பாங்க. நம்ம வாரிசுச் சான்றிதழ் மாதிரி அது, நாடகச்சேரியில வாங்கணும்.

2024 அக்டோபர்லேர்ந்து விக்க வாங்க இ-காத்தா கேக்கறாங்க. பழைய கையெழுத்துக் காத்தாவைப் பெட்டியில வெச்சுட்டு நிம்மதியா இருக்காதே. அனுமதி உள்ளதுக்கான ஏ காத்தாவா, இல்லாததுக்கான பி காத்தாவான்னும் பாரு. அனுமதி இல்லாத லேஅவுட்ல 2024 செப்டம்பர் 10க்கு முன்னாடி பதிஞ்ச மனைகளுக்கு, முதல் வருஷம் ரெட்டை வரி வாங்கிக்கிட்டு பி காத்தா கொடுக்கலாம்னு 2025 தொடக்கத்துல வழி திறந்தாங்க. வரி வாங்கிட்டாங்கங்கறதால லேஅவுட்டுக்கு அனுமதி கிடைச்சதா ஆகாது. உன் நாத்தனார் ஊருக்கு வெளியில மனை பார்க்கறதாச் சொன்னியே, அவகிட்ட இதைச் சொல்லு.

அவகிட்ட இன்னொண்ணும் கேக்கச் சொல்லு: அந்த மனைக்கு வரி வாங்கறது யாரு? எல்லாம் மாநகராட்சின்னு நினைச்சுடக் கூடாது. ஹூட்டகள்ளிக்கு நகரசபை, போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகோளாவுக்குப் பட்டணப் பஞ்சாயத்துன்னு 2020 வாக்குல உருவாக்கினாங்க. சில லேஅவுட், முடான்னு சொல்லிட்டிருந்த மேம்பாட்டு ஆணையத்தோட கையிலயே இருக்கும். கிராமப் பஞ்சாயத்துன்னா இ-ஸ்வத்துங்கற ஆன்லைன் பதிவுலேர்ந்து ஃபாரம் 9, ஃபாரம் 11 வாங்கணும். உன் வீடு பழசுங்கறதால தாய்ப் பத்திரத்துல சி.ஐ.டி.பி.ன்னு இருக்கலாம். 1903ல ஆரம்பிச்ச நகர மேம்பாட்டு டிரஸ்ட் அது. 1988ல அதுதான் முடா ஆச்சு. பழைய காகிதம்னு தூக்கிப் போட்டுடாதே.

கட்டறதுக்கு உன் வலய அலுவலகம் இருக்கு, கர்நாடகா ஒன் சென்டர் இருக்கு, ஆன்லைனும் இருக்கு. ஆன்லைன்ல பணம் போயிடுச்சு, ரசீது வரலைன்னா பதறிப்போய் உடனே மறுபடி கட்டாதே. பரிவர்த்தனை நம்பரைக் குறிச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள் பாரு, அப்புறம் ரசீதுக்கு நேர்ல போ. மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் கடைசி வாரமும் கூட்டம் சொல்லி மாளாது. ரசீதை ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணைப் பத்திரத்தோட வை. தண்ணிக்கு வாணி விலாஸ் பில் தனி, இதோட சேர்த்துக் குழப்பிக்காதே.

பழைய சொந்தக்காரர் கொடுத்த ரசீதெல்லாம் பச்சை ஃபைல்ல இருக்குன்னியே. சாயந்திரம் குழந்தைங்க விளையாடப் போனதும் அதை எடுத்து, எந்த வருஷமாவது விட்டுப்போயிருக்கான்னு பாரு. பார்த்துட்டு நாலு பக்க செக்குபந்தியையும் எனக்கு போன்ல படிச்சுக் காட்டு.