விசைத் தெளிப்பான் ஓட மறுத்தால் பெட்ரோலை முதலில் பாருங்கள்

நெல் வயலில் புகையான் வட்ட வட்டமாகப் பரவுகிறது. மருந்து வாங்கியாயிற்று, ஆளும் வந்தாயிற்று. சென்ற பருவத்திற்குப் பின் கொட்டகையில் கிடந்த விசைத் தெளிப்பானை எடுத்துக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் ஓடவில்லை. பட்டறைக்குக் கொண்டுசென்று திரும்புவதற்குள் சேதம் பெருகிவிடும். 'கார்புரேட்டர் போய்விட்டது' என்று புதியதை மாற்றிவிடுவோரும் உண்டு. ஆனால், கிடப்பில் இருந்த இயந்திரத்தில் பெரும்பாலும் கெட்டிருப்பது கார்புரேட்டர் அல்ல, அதில் தங்கிய பழைய பெட்ரோலே. மிதவை வகைக் கார்புரேட்டர் உள்ள தெளிப்பானில் குறையை நீங்களே கண்டறியும் முறை இங்கே தரப்படுகிறது.

முன்னெச்சரிக்கை

எஞ்சின் ஆறிய பின், திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். அருகில் பீடியோ விளக்கோ கூடாது. இயந்திரத்தில் மருந்து படிந்திருக்குமாதலால் முதலில் நன்கு துடைத்துவிடுங்கள். எந்தக் குழாயையும் வாயால் உறிஞ்சவோ ஊதவோ கூடாது.

1. பெட்ரோலைச் சோதித்தல்

தொட்டியிலுள்ள கலவையைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாமல் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் நீர் சேர்ந்துள்ளது என்று பொருள். நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025ஆம் ஆண்டில் 20 சதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். நீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய இயந்திரங்களின் ரப்பர் பாகங்கள் எத்தனாலால் உப்பிக் கெடுவதும் உண்டு. வார்னிஷ் போல வாடை வீசினாலும் அக்கலவையைப் பயன்படுத்தாதீர்கள், வாய்க்காலிலும் கொட்டாதீர்கள்.

2. வரத்தைச் சோதித்தல்

கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, ஒரு கிண்ணத்தில் விட்டுத் திறப்பைத் திறவுங்கள். தடையின்றி ஒழுகினால் வரத்து சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டி அடைத்துள்ளது. முதலில் நன்கு வந்து பின் நின்றால் தொட்டி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மீண்டும் ஒழுகினால் மூடியிலுள்ள காற்றுத் துளையில் அடைப்பு உள்ளது.

3. பிளக்கைப் பார்த்தல்

சோக்கை மூடி ஐந்தாறு முறை இழுத்தபின் பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் துடைத்து உலர்த்திப் பூட்டி, சோக்கைத் திறந்து இழுங்கள். அப்போதும் ஓடாவிடில் குறை தீப்பொறியில் இருக்கக்கூடும். கார்புரேட்டரைக் கழற்றிப் பயனில்லை.

4. ஓடும்போது தெரியும் அறிகுறிகள்

• வேகத்தைக் கூட்டினால் நின்றுவிடுதல், சோக்கைப் பாதி மூடினால் மட்டும் ஓடுதல்: பெரிய ஜெட்டில் அடைப்பு, அல்லது கேஸ்கட் வழியே காற்றுக் கசிவு. இப்படியே ஓட்டினால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.
• வேகத்தில் ஓடி, மெதுவாக ஓட மறுத்தல்: சிறிய ஜெட்டில் அடைப்பு.
• கரும்புகை, பிளக்கில் கரி: காற்று வடிகட்டியில் தூசி, அல்லது எண்ணெய் மிகுதி.
• கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிதல்: ஊசி வால்வில் தூசி, அல்லது மிதவையில் ஓட்டை.

5. சுத்தம் செய்தல்

திறப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் படிவை அகற்றுங்கள். ஜெட்டைப் புதிய பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பினால் காற்றடியுங்கள். கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதானால் அந்த ஜெட் பிறகு உதவாது. சரிசெய்யும் திருகைக் கழற்றுமுன், அது எத்தனை சுற்று உள்ளே செல்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே அளவில் திரும்பப் பொருத்துங்கள்.

வருமுன் காத்தல்

கையேட்டில் 25:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி., 50:1 என்றிருந்தால் 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கலக்கவேண்டும். அன்றைய தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். பருவம் முடிந்ததும் தொட்டியை வடித்து, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரை வெறுமையாக்கி வையுங்கள். இந்தச் சில நிமிட வேலையைத் தவறாது செய்தால், அடுத்த பருவத்தில் பூச்சி தோன்றிய அன்றே தெளிப்பான் உங்களுக்குக் கைகொடுக்கும்.