விமான நிலைய வாசலில் 7 பவுண்: கட்டணமும் தண்டமும்

கடை நடத்தும் எமக்கு வரும் செலவுகளில் பெரும்பாலானவை பற்றுச்சீட்டோடு வருபவை. மொத்த வியாபாரியின் பில் வரும், மின்சாரக் கட்டணம் வரும், வாடகைக்குக் கடிதம் வரும். பார்த்து, சரிபிழை பிடித்து, பிறகு கட்டுகிறோம். ஆனால் யாரும் கை நீட்டிக் கேட்காமல், சீட்டும் தராமல் எம் தலையில் ஏறும் செலவுகளும் உண்டு. விமான நிலையத்தில் பயணிகளை இறக்கிவிடும் கட்டணம் அவற்றில் ஒன்று. கொழும்புக்கோ சென்னைக்கோ போகும் உறவினரை ஏற்றி இறக்காத வர்த்தகக் குடும்பம் எம்மிடையே இல்லை. ஆகவே இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கட்டணம் வந்த விதம்

கற்விக் விமான நிலையம் 2021 மார்ச்சிலும், ஹீத்ரோ அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதியும் இக்கட்டணத்தை ஆரம்பித்தன. அப்போது இரண்டிலும் 5 பவுண். ஹீத்ரோவில் அது 2025 ஜனவரியில் 6 பவுணாகவும் 2026 ஜனவரியில் 7 பவுணாகவும் உயர்ந்தது. கற்விக்கில் 2026 ஜனவரி முதல் 10 பவுண். கற்விக் நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று, தமது பிஸ்னஸ் ரேட்ஸ் வரி இருமடங்குக்கு மேல் உயர்கிறது என்பது. எமது கடைகளுக்கும் அந்த வரி உண்டு. நாம் அதை அரிசி, பருப்பு விலையில் ஏற்ற முடியாமல் தவிக்கிறோம். அவர்கள் வாசலில் ஏற்றிவிட்டார்கள்.

கதவில்லாத வாசல்

ஹீத்ரோவில் பணம் வாங்கும் கூடு இல்லை, மறிக்கும் தடியும் இல்லை. கமரா வாகன இலக்கத்தைப் படித்துக்கொள்கிறது. இணையத்தளத்திலோ தொலைபேசியிலோ நாமாகவே பணம் கட்ட வேண்டும். மறுநாள் நள்ளிரவுவரை தவணை. வெள்ளிக்கிழமை காலையில் இறக்கிவிட்டால், சனிக்கிழமை நள்ளிரவுக்குள் கட்டி முடிக்க வேண்டும்.

டாட்ஃபோர்ட் பாலத்துக்கும் இதே மறுநாள் தவணைதான். ஆனால் மத்திய லண்டன் நெரிசல் கட்டணத்தை மூன்றாம் நாள் நள்ளிரவுவரை கட்டலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறுவோர் உண்டு.

கணக்கு என்ன சொல்கிறது?

மாதம் ஒருமுறை ஹீத்ரோ போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 12 தடவைக்கு 84 பவுண். கட்ட மறந்தால் வரும் தண்டம் 80 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் 40. அதாவது ஒரேயொரு மறதி, ஏறக்குறைய ஒரு வருடக் கட்டணத்தை விழுங்கிவிடும். நட்டம் கட்டணத்தில் இல்லை, மறதியில்தான் இருக்கிறது. இப்பாடத்தின் சாரம் இதுவே.

கட்டாமல் தவிர்க்கும் வழிகள்

1. நீண்டகால வாகனத் தரிப்பிடத்தில் இறக்கிவிடுதல். ஹீத்ரோ, கற்விக் இரண்டிலும் குறிப்பிட்ட நேரம்வரை அங்கு கட்டணமில்லை. முனையத்துக்கு இலவச பஸ் உண்டு.

2. ரயில். ஹீத்ரோவுக்கு பிக்கடில்லி, எலிசபெத் பாதைகள் போகின்றன. ஒரு பெட்டியோடு போகும் இளைஞருக்கு வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் இறக்கிவிட்டாலே போதும்.

3. நீல அட்டை. மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை உடையவருக்கு ஹீத்ரோவில் விலக்கு உண்டு. ஆனால் அது தானாகக் கிடைக்காது; முறைப்படி பதிவுசெய்ய வேண்டும்.

எனினும் மிச்சம் பிடிக்கும்போது நேரத்துக்கும் விலை போட வேண்டும். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 2026 ஏப்ரல் முதல் சட்டப்படியான குறைந்தபட்ச மணிக்கூலி 12.71 பவுண். இலவச இடத்துக்குச் சுற்றிப் போவதால் அரை மணிநேரம் கூடினால், அந்நேரம் கல்லாவில் நிற்பவருக்கு நாம் 6 பவுணுக்கு மேல் கொடுக்கிறோம். 7 பவுணை மிச்சம் பிடித்ததாக நினைப்பது வெறும் மனத்திருப்தியே. வயோதிபப் பெற்றோரும் நாலு பெட்டியும் என்றால், வாசலுக்கே போய்க் கட்டணத்தைக் கட்டுவதுதான் நல்ல வியாபாரம்.

மேலதிகச் செலவு ஏறும் இடங்கள்

ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் தனிக் கட்டணம். முனையத்தை மாற்றிப் பிடித்து, மூன்றாவதுக்குப் போய்விட்டு ஐந்தாவதுக்குப் போனால் 14 பவுண். புறப்படுமுன் பயணச்சீட்டில் முனையத்தைப் பார்த்துக்கொள்ளவும். வழியனுப்ப இரண்டு கார் போனாலும் இரண்டு கட்டணம்தான்.

2026 ஜனவரி முதல் ஹீத்ரோ வாசலில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது. கண்ணீரும் அணைப்பும் வீட்டிலேயே முடியட்டும்.

வருபவரை ஏற்றுவதற்கு அந்த இடம் அல்ல. அதற்குக் குறுங்காலத் தரிப்பிடம் இருக்கிறது. பெட்டிகள் கைக்கு வந்து தொலைபேசி எடுத்த பின்னரே உள்ளே போனால் அங்கும் செலவு குறையும்.

பணம் கட்டும்போது விமான நிலையத்தின் சொந்த இணையத்தளமா என்று பார்த்துக் கட்டவும். இடைத்தரகர் பக்கங்கள் தமக்கும் ஒரு தொகை வைத்து அறவிடுவதுண்டு.

கடை வான் வைத்திருப்போருக்கு

தண்டக் கடிதம் ஓட்டியவருக்கு வராது. வாகனம் பதிவான பெயருக்கும் விலாசத்துக்கும் போகும். கடை இடம் மாறிய பின் பதிவுப் புத்தகத்தில் விலாசத்தை மாற்றாவிட்டால், கடிதம் பழைய கதவில் விழுந்து கிடக்கும். 14 நாள் சலுகை போய்விடும். வான் குத்தகைக்கு எடுத்ததாக இருந்தால், குத்தகை நிறுவனம் தன் நிர்வாகச் செலவையும் சேர்த்து அனுப்பக்கூடும்.

ஓட்டிய ஊழியரின் சம்பளத்தில் அதைக் கழிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்திலோ முன்கூட்டிய எழுத்து உடன்பாட்டிலோ இடமிருந்தால் மட்டுமே கழிக்கலாம். அப்போதும் பொதுவாகக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. உறவினரை வழியனுப்பிய செலவு வீட்டுச் செலவு. கடைக் கணக்கில் எழுதுவது முறையல்ல.

செய்ய வேண்டியது

அடிக்கடி போகிறவர்கள் தானாகப் பணம் கழியும் கணக்கொன்றைத் திறந்து, வீட்டுக் காரையும் கடை வானையும் அதில் பதிவதே சிறந்த வழி. வாகனம் மாற்றினால் அன்றே இலக்கத்தை மாற்றவும். வங்கி அட்டை காலாவதியானால் அதையும் புதுப்பிக்கவும். கணக்குத் திறக்க விரும்பாதவர்கள் வீடு வந்ததும், திறப்பைக் கொழுவுமுன் பணத்தைக் கட்டிவிடவும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் 7 பவுண் 80 பவுணாகும். அந்தப் பணத்தை மீண்டும் உழைக்க எத்தனை பால் போத்தல், எத்தனை பாண் விற்க வேண்டும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.